வீட்டுப்பாடத்தின் எடை: ஒரு மேக்னெட் திட்டத்தின் நினைவுகள்

அமெரிக்க அரசுப் பள்ளி முறையில் ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. அந்த விதிக்கு விலக்காக, ஒரு பள்ளி மாவட்டத்தின் எந்த மூலையில் வசிக்கும் மாணவரும் விண்ணப்பித்துச் சேரலாம் என்ற ஏற்பாட்டுடன், அறிவியல், கணிதம், நிகழ்த்துகலை, அயல்மொழி முதலியவற்றுள் ஒன்றில் சிறப்புப் பாடத்திட்டத்தை வழங்கும் பள்ளியையோ, வழக்கமான பள்ளியொன்றின் கட்டடத்துக்குள்ளேயே இயங்கும் தனிப்பிரிவையோ மேக்னெட் திட்டம் என்று அழைப்பர். இன்று கடும் படிப்புக்குப் பெயர்பெற்றிருக்கும் அத்திட்டம் வேறொரு நோக்கத்துக்காகவே பிறந்தது. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்த பின்னரும், குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்தமையால் பள்ளிகளும் அவ்வாறே பிரிந்து கிடந்தன. குழந்தைகளைக் கட்டாயமாகப் பேருந்தில் ஏற்றி வேற்றுப் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் முறைக்குப் பல நகரங்களில் எதிர்ப்பு மூண்ட காலத்தில், பெற்றோர் தாமாகவே விரும்பி அனுப்பும் அளவுக்குச் சிறந்த பள்ளி ஒன்றைக் கறுப்பின மக்கள் மிகுந்த பகுதியில் அமைத்துவிட்டால் கட்டாயத்துக்கே தேவையிராது என்ற எண்ணம் உருவாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 1968-இல் இவ்வெண்ணத்தின்படி மாற்றியமைக்கப்பட்ட மக்கார்வர் தொடக்கப் பள்ளியே இவ்வகையின் முதற்பள்ளியாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

1970-களில் நீதிமன்றங்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டன. நடுவண் அரசும் நிதி வழங்கத் தொடங்கியது. அமெரிக்கக் கல்வியின் தரம் சரிந்துவிட்டது என்று எச்சரித்த ‘ஆபத்தில் ஒரு தேசம்’ என்னும் அரசு ஆணைக்குழு அறிக்கை 1983-இல் வெளிவந்த பிறகு, அறிவியலையும் கணிதத்தையும் மையமாகக் கொண்ட திட்டங்கள் பெருகின. மேரிலாந்தின் மாண்ட்கமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியில் இயங்கும் அறிவியல், கணித, கணினித் திட்டமும், வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியும் 1985-இல் தொடங்கப்பட்டவை. பிரிந்து கிடந்த குழந்தைகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பது முதல் நோக்கம். திறன்மிக்க மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத் தரத்தை நெருங்கும் படிப்பை அளிப்பது பின்னர் வந்து சேர்ந்த நோக்கம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் எது என்று தேடினால், அது நுழைவுத் தேர்வைக் காட்டிலும் அன்றாட வீட்டுப்பாடத்திலேயே தெளிவாகத் தென்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் கிழக்குக் கடற்கரைப் புறநகர் ஒன்றில் இத்தகைய திட்டத்தில் நான்காண்டுகள் பயின்ற கட்டுரையாளரின் நினைவுகளே இதற்கு அடிப்படை.

கட்டுரையாளர் சேர்ந்த திட்டம், பள்ளிக்குள் பள்ளி என்று வழங்கப்படும் வகையைச் சார்ந்தது. அதாவது, ஆயிரக்கணக்கான மாணவர்கள் பயிலும் வழக்கமான உயர்நிலைப் பள்ளியின் ஒரு பகுதியில், எட்டாம் வகுப்பில் எழுதிய தேர்வின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு தொகுதியினர் அறிவியல், கணித, கணினி வகுப்புகளைத் தனியாகப் படித்தனர். உடற்கல்வி, இசை, அயல்மொழி ஆகியவற்றை ஏனைய மாணவர்களுடன் சேர்ந்து படித்தனர். பட்டம் பெற மாநிலம் விதித்திருந்த ஆங்கிலம், சமூக அறிவியல், உடல்நலக் கல்வி போன்ற கட்டாயப் பாடங்கள் எதுவும் மேக்னெட் மாணவர்களுக்குத் தள்ளுபடி செய்யப்படவில்லை. அவற்றின்மேல் சிறப்புப் பாடங்கள் ஏற்றி வைக்கப்பட்டன. ஆகவே மற்றவர்கள் ஒரு நாளில் ஏழு பாடவேளைகள் படிக்க, இவர்கள் எட்டுப் பாடவேளைகள் படிக்க வேண்டியிருந்தது. சுமையின் முதற்காரணம் இந்தக் கூட்டல்தான். எந்தப் பாடமும் நீக்கப்படாமலேயே புதியவை சேர்க்கப்பட்டன. நாளின் நீளமோ மாறவில்லை.

அந்த நாள் இருட்டில் தொடங்கியது. ஒரே மஞ்சள் பேருந்துகள் முதலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும், அடுத்து நடுநிலைப் பள்ளி மாணவர்களையும், கடைசியாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளையும் சுற்றுமுறையில் ஏற்றிச் செல்வதால், பேருந்துச் செலவைக் குறைக்க விரும்பிய பள்ளி மாவட்டங்கள் பல உயர்நிலைப் பள்ளியையே அதிகாலையில் திறந்தன. கட்டுரையாளரின் பள்ளியில் முதல் மணி ஏழரைக்கு முன்பே ஒலித்தது. பக்கத்துப் பள்ளிக்குச் செல்பவர் ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் போதும். மேக்னெட் மாணவரோ, மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து வருவதால், முதலில் ஒரு மைய நிறுத்தத்தை அடைந்து, அங்கிருந்து வேறொரு பேருந்தில் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியுமுன் புறப்பட்டவர்கள் பின்மாலையில் வீடு திரும்புகையில் மீண்டும் இருள் கவிந்துவிடும். பேருந்தின் குலுக்கலில் எழுத முடியாதாகையால் அப்பயண நேரம் படிப்பதற்கும் உதவவில்லை. நின்று நின்று சென்றதால் தூங்குவதற்கும் முழுமையாக உதவவில்லை. காரில் கொண்டுவந்து விடக்கூடிய பெற்றோர் இருந்த மாணவர்கள் மட்டும் அந்த நேரத்தின் ஒரு பகுதியைத் தூக்கமாக மீட்டுக்கொண்டனர்.

வீட்டுப்பாடம் என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்பட்டவை இயல்பில் வெவ்வேறானவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலன்றிச் சுமையின் தன்மை விளங்காது. முதல்வகை கணக்குத் தொகுதிகள். முக்கோணவியல், நுண்கணிதம் ஆகிய பாடங்களில் அன்றன்று நடத்திய முறையை மறுநாளுக்குள் செய்து பழகும்படி கொடுக்கப்பட்ட இக்கணக்குகளில் முதற்சில எளியவையாகவும், இறுதி இரண்டு மூன்று வகுப்பில் சொல்லித் தராத ஒரு படியைத் தாமே கண்டுபிடித்தாக வேண்டியவையாகவும் அமைந்திருந்தன. இரண்டாம் வகை ஆய்வக அறிக்கைகள். இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு சோதனைக்கு ஒரு பாடவேளையே செலவாயினும், அதன் நோக்கம், செய்முறை, அளவீடுகள், வரைபடம், பிழைப் பகுப்பாய்வு, முடிவு என்று முறைப்படி எழுதி முடிக்க ஒரு மாலை முழுதும் தேவைப்பட்டது. பிழைப் பகுப்பாய்வு என்பது, அளக்கும் கருவியின் நுட்பக் குறைவும் அளப்பவரின் கைநடுக்கமும் இறுதி விடையை எவ்வளவு தூரம் நம்பத்தகாததாக்குகின்றன என்று கணக்கிட்டுச் சொல்வதாகும். பதினான்கு வயதில் அதைச் செய்யப் பழகியது பின்னாளில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பெரிதும் துணைசெய்தது என்பதைக் கட்டுரையாளர் இன்றும் மறுக்கவில்லை.

மூன்றாம் வகை கணினி நிரல்கள். பல்கலைக்கழக அளவிலான பாடங்களை உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பித்து, மே மாதத்தில் நாடு முழுவதும் ஒரே தேர்வு நடத்தி, 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கும் ஏற்பாட்டை ஏபி என்ற சுருக்கப் பெயரால் குறிப்பர். கல்லூரி வாரியம் என்னும் அமைப்பு அதை நடத்துகிறது. அந்த ஏபி கணினித் தேர்வு அக்காலத்தில் பாஸ்கல் மொழியைக் கைவிட்டு சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாறியிருந்தது; 2004 முதல் அது ஜாவாவுக்கு மாறிற்று. கணக்குத் தொகுதி ஏறக்குறைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை முன்னரே ஊகிக்கலாம். நிரலின் நேரத்தை எவராலும் ஊகிக்க இயலாது. அரைமணி நேரத்தில் முடியும் என்று ஆசிரியர் கருதிய பணி, கண்ணுக்குப் படாத ஒரு தருக்கப் பிழையால் நள்ளிரவைத் தாண்டும். வீட்டில் கணினி இல்லாதவரோ, இருந்தும் அதைத் தம்பி தங்கையருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியவரோ, பள்ளி ஆய்வகம் திறந்திருக்கும் சிறு இடைவெளியிலேயே அதை முடித்தாக வேண்டும். நான்காம் வகை, வாசிப்பும் கட்டுரையும். நாவலின் பக்கங்களை ஓரக்குறிப்புகளுடன் படித்தல், மூல ஆவணங்கள் சிலவற்றைத் தந்து அவற்றிலிருந்தே வாதத்தைக் கட்டியெழுப்பச் சொல்லும் வரலாற்றுக் கட்டுரை ஆகியவை இதில் அடங்கும்.

ஐந்தாம் வகை குழுப்பணி. நால்வர் சேர்ந்து பாலம் ஒன்றின் மாதிரியைக் கட்டுவது, ஓடையின் நீர்த்தரத்தைப் பருவந்தோறும் அளப்பது போன்ற இப்பணிகள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தவையாக இருந்தன. ஆயினும் மாவட்டத்தின் நான்கு மூலைகளில் வசித்தவர்கள் சனிக்கிழமை ஓரிடத்தில் கூட வேண்டுமானால், ஓட்டிச் செல்லப் பெற்றோரும், இடவசதியுள்ள வீடும், பொருள் வாங்கப் பணமும் வேண்டியிருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, இறுதி ஈராண்டுகளில் சுயமான ஆராய்ச்சித் திட்டம் ஒன்றும் வந்தது. 1942-இல் தொடங்கி, நெடுங்காலம் வெஸ்டிங்ஹவுஸ் பெயராலும், 1998 முதல் இன்டெல் பெயராலும், பின்னர் ரீஜெனரான் பெயராலும் நடைபெற்றுவரும் தேசிய அறிவியல் திறன் தேடல் போட்டிக்கு அனுப்பும் நோக்குடன் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிக் கட்டுரை எழுதினர். கோடையில் தொடங்கிய அவ்வேலை இலையுதிர் காலத்தில் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளுடனும் அன்றாட வீட்டுப்பாடத்துடனும் ஒன்றாக வந்து மோதியது.

இவற்றுள் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அநியாயம் என்று சொல்ல இயலாது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்துக்கு முக்கால் மணி நேரம் கேட்டார். அது நியாயமான கேள்வியே. ஐந்து பாடங்களுக்கு ஐந்து முக்கால் மணி சேர்ந்து நான்கு மணி நேரத்தை நெருங்கியதைக் கணக்கிட வேண்டிய பொறுப்பு மட்டும் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண்பதற்கும், வருகைப்பதிவைக் கூட்டிப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவதற்கும் பள்ளியில் அலுவலர்கள் இருந்தனர். மாணவரின் மாலைநேரத்தைக் கூட்டிப் பார்க்க எந்த ஏடும் இருக்கவில்லை. இயற்பியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே வியாழக்கிழமையைக் குறித்துவிட்டனர் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது. அது மாணவருக்கு மட்டுமே தெரியும். மாணவர் அதை எடுத்துச் சொன்னால், நேர மேலாண்மை கற்றுக்கொள்ளும்படி அறிவுரையும், நாட்குறிப்பேடு ஒன்றும் கிடைத்தன. நாட்குறிப்பேட்டில் வேலைகளை எழுதலாம்; எழுதிய வேலைகளின் மொத்தம் இருக்கும் நேரத்தைக் காட்டிலும் மிகுதியானால் அந்த ஏடு என்ன செய்யும் என்பதற்கு விடை இருக்கவில்லை.

வீட்டுப்பாடம் எவ்வளவு இருக்கலாம் என்ற வாதம் அமெரிக்காவில் பழமையானது. கலிஃபோர்னியா மாநிலம் 1901-இல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதையே சட்டத்தால் தடைசெய்தது. அத்தடை 1917-இல் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் பரவி, வீட்டுப்பாடம் மீண்டும் தேசபக்தியின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. பல்லாண்டுகள் இப்பொருளை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற வழிகாட்டுதலை ஆதரித்தார். அதன்படி ஒன்பதாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரமும், பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு மணி நேரமும் போதுமானவை. கலிஃபோர்னியாவின் 10 உயர்தரப் பள்ளிகளைச் சேர்ந்த 4,317 மாணவர்களிடம் மாலி காலவே, ஜெருஷா கானர், டெனிஸ் போப் ஆகியோர் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாணவர்கள் சராசரியாக ஓர் இரவில் 3.1 மணி நேரம் வீட்டுப்பாடத்தில் செலவிட்டதாகவும், அவர்களுள் 56 விழுக்காட்டினர் தம் மன அழுத்தத்துக்கு முதற்காரணமாக வீட்டுப்பாடத்தையே குறிப்பிட்டதாகவும் பதிவுசெய்தது. அந்த 3.1 மணி நேரக் கணக்கைப் பின்னாளில் படித்த கட்டுரையாளருக்கு அதில் வியப்பேதும் தோன்றவில்லை. தம் வகுப்பில் அது ஓர் எளிய மாலையாகவே கணக்கிடப்பட்டிருக்கும் என்று தோன்றியது.

இந்தக் கூட்டலில் எஞ்சியது தூக்கத்தின் கணக்கு. வளரிளம் பருவத்தில் உடலின் உட்கடிகாரம் தாமதப்படுகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குவதால், பதினைந்து வயதினர் விரும்பினாலும் ஒன்பது மணிக்குத் தூங்கிவிட முடிவதில்லை என்பதை மேரி கார்ஸ்கடன் முதலிய ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இலேயே கூறிவிட்டது. கலிஃபோர்னியா இதைச் சட்டமாக்கி 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. இப்பரிந்துரைகள் எவையும் வெளிவராத அக்காலத்தில், ஐந்தரை மணிக்கு எழுந்து பள்ளி செல்லும் மாணவர் நள்ளிரவில் படுப்பதைச் சோம்பலின்மைக்குச் சான்றாகவே எல்லோரும் கண்டனர். மாணவர்களும் முந்தைய இரவு எவ்வளவு குறைவாகத் தூங்கினர் என்பதைப் பெருமைக்குரிய செய்தியாகவே மறுநாள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். வரலாற்று வகுப்பின் பின்வரிசையில் நிகழ்ந்த உறக்கம் இச்சாதனையின் மறுபக்கம் என்று எவரும் பேசவில்லை.

குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இச்சுமைக்கு மற்றோர் அடுக்கும் இருந்தது. கணினித் துறை வேலைவாய்ப்பு பெருகிய 1990-களில் வந்து குடியேறிய பெற்றோர் பலர், பிள்ளை வீட்டுப்பாடத்தில் மூழ்கியிருப்பதைக் கண்டு கவலைகொள்ளவில்லை, நிம்மதியடைந்தனர். சனிக்கிழமை பரதநாட்டியமோ கர்நாடக இசையோ, ஞாயிற்றுக்கிழமை வாடகை வகுப்பறையில் தன்னார்வலர்கள் நடத்திய தமிழ்ப் பள்ளியோ இருந்தன. கட்டுரையாளரும் தமிழ் வகுப்பின் இடைவேளையில் வேதியியல் அறிக்கைக்கு வரைபடம் போட்டதுண்டு. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் எட்டாம் வகுப்புவரை உடன்வந்தன. உயர்நிலைப் பள்ளியின் முதல் குளிர்காலத்தில், நேரம் போதாமல் முதலில் கைவிடப்பட்டது தமிழ் வகுப்பே. அன்று அதற்குப் பள்ளிச் சான்றிதழில் இடமில்லை. ஆகவே இழப்பதற்கு மிக எளிதாகவும் இருந்தது. பிற்காலத்தில் சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்ப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளி மதிப்பலகு வழங்கத் தொடங்கியபோது, அதே வயதுப் பிள்ளைகள் அதே வகுப்புகளில் நீடித்ததைக் காண முடிந்தது. எனவே பிள்ளைகள் மொழியைக் கைவிட்டதற்கு ஆர்வமின்மை மட்டுமே காரணம் என்ற குற்றச்சாட்டு முழுமையானதாகாது.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த உறவினர் பிள்ளைகளுடன் தொலைபேசி அட்டை வாங்கிப் பேசும்போது, இருவகைச் சுமைகளின் வேறுபாடு வெளிப்படுவதுண்டு. அங்கே ஆண்டின் இறுதியில் வரும் பொதுத் தேர்வும், அன்று நடைமுறையில் இருந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வுமே எல்லாவற்றையும் தீர்மானித்தன. அதற்காக விடியற்காலை டியூஷனும் இரவு டியூஷனும் இருந்தாலும், ஒரு மாதம் சோர்ந்துவிட்டவர் பின்னர் ஈடுகட்டலாம். மேக்னெட் திட்டத்திலோ ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண் உண்டு. அவையெல்லாம் சேர்ந்தே பாடத்தின் தரத்தையும், தரங்கள் சேர்ந்தே ஜிபிஏ எனப்படும் தரப்புள்ளிச் சராசரியையும், அச்சராசரியே கல்லூரி வாய்ப்பையும் வடிவமைத்தன. காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் நான்காண்டுகளுக்குப் பிறகு பார்க்கப்படும் ஓர் எண்ணில் தடம் விட்டுச் செல்லும் என்ற எண்ணம் மாணவரின் மனத்திலிருந்து அகலவேயில்லை. சென்னையில் தேர்வு முடிந்த மறுநாள் திரைப்படம் பார்க்கச் செல்லலாம். இங்கே தேர்வு முடிந்த மறுநாளும் வீட்டுப்பாடம் இருந்தது.

இருப்பினும் அந்நாட்களைத் துன்பத்தின் பட்டியலாக மட்டும் எழுதிவிட இயலாது. இரவு பத்து மணிக்குமேல் ஏஓஎல் உடனடித் தூதுச் செயலியின் சாளரங்களில் வகுப்பு முழுவதும் மீண்டும் கூடிற்று; ஒரு கணக்கின் மூன்றாம் படியில் சிக்கியவருக்கு மற்றொருவர் விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் சுட்டினார்; எங்கே உதவி முடிந்து நகலெடுப்பு தொடங்குகிறது என்ற நுண்ணிய எல்லையை மாணவர்கள் தமக்குள்ளேயே வகுத்துக்கொண்டனர். நடுநிலைப் பள்ளியில் முதல் மாணவர்களாக இருந்தவர்கள் இங்கே சராசரி மாணவர்களாயினர். திறன்மிக்கவர்களின் கூட்டத்தில் சேரும்போது, திறன் குறையாமலே ஒருவரின் தன்மதிப்பு குறைவதை ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் உளவியலாளர் 1980-களில் ஆய்வுகளின் வழியே நிறுவியுள்ளார். அந்த வீழ்ச்சியை அவ்வகுப்பு தாங்கிக்கொண்டது ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தால்தான். தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லும் பண்பு அங்கு கிடைத்த கல்விகளுள் முதன்மையானது.

இந்தக் கூட்டுறவிலும் இடம் கிடைக்காதவர் இருந்தனர். பள்ளி அமைந்திருந்த பகுதியிலேயே, நடந்து வரும் தொலைவிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த வகுப்புத் தோழர் ஒருவர், நுண்கணிதத்தில் ஆசிரியரே வியக்கும் குறுக்குவழிகளைக் கண்டுபிடிப்பவர். தாயார் இரவுப் பணிக்குச் செல்வதால் தங்கைக்குச் சமைத்துக் கொடுத்துத் தூங்கவைப்பது அவருடைய பொறுப்பு. வீட்டில் இணைய இணைப்பு இல்லாததால் இரவுநேர உரையாடல்களும் அவருக்கு எட்டவில்லை. வகுப்புத் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற அவர், ஒப்படைக்காத வீட்டுப்பாடங்களுக்கான சுழியங்களால் தரம் இறங்கி, பத்தாம் வகுப்பின் பிற்பாதியில் திட்டத்தைவிட்டு விலகி, அதே கட்டடத்தின் வழக்கமான வகுப்புகளுக்குச் சென்றார். பள்ளியின் பதிவில் அது அவருடைய சொந்த விருப்பம் என்று எழுதப்பட்டது. எந்தக் குழந்தைகளை ஒரே வகுப்பறையில் அமரவைப்பதற்காக மேக்னெட் முறை உருவாக்கப்பட்டதோ, அவர்களுள் ஒருவரே இவ்வாறு தாழ்வாரத்தின் மறுபுறம் அனுப்பப்பட்டார்.

அவர் விலகிய காரணம் அறிவுக் குறைவன்று, உழைப்புக் குறைவுமன்று. நாள்தோறும் நான்கு மணி நேர வீட்டுப்பாடம் ஒரு குழந்தையின் திறனை அளப்பதைவிட அக்குழந்தையின் வீட்டையே மிகுதியாக அளக்கிறது. அமைதியான அறை, தனி மேசை, கணினி, கார், விழித்திருந்து சூடாகச் சாப்பாடு எடுத்துவைக்கும் தாய், புரியாத கணக்கை விளக்கப் பொறியியல் படித்த தந்தை ஆகிய அனைத்தும் அமைந்த வீட்டில் அதே பாடம் பாதி எடையே கொண்டிருந்தது. கட்டுரையாளர் திட்டத்தில் நிலைத்து நின்றதில் அவரது உழைப்புக்கு இருந்த பங்கைவிட, மற்ற எந்தக் கடமையும் அவர்மேல் விழாதபடி பார்த்துக்கொண்ட வீட்டின் பங்கு குறைந்ததன்று. நுழைவுத் தேர்வு ஒருமுறை நடந்து முடிந்துவிடும். வீட்டுப்பாடமோ ஒவ்வோர் இரவும் நடக்கும் இரண்டாம் நுழைவுத் தேர்வாக இருந்தது, அதை எழுதியவை வீடுகள்.

பயன் எதில் கிடைத்தது என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பல ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்க்கையில், நினைவில் நிற்பவை கணக்குத் தொகுதியின் இறுதி இரண்டு வினாக்களும், பிழைப் பகுப்பாய்வும், ஓடைநீரை அளந்த குழுப்பணியும், ஆராய்ச்சிக் கட்டுரையுமே. ஒரே முறையை இருபது தடவை திரும்பச் செய்யச் சொன்ன கணக்குகளும், பாடநூல் அதிகாரத்தைத் தலைப்புவாரியாகச் சுருக்கி எழுதச் சொன்ன பக்கங்களும், வண்ணத்தாள் ஒட்டிய சுவரொட்டிகளும் எந்த அறிவையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் மாலைகளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை அவையே. ஆகவே சுமையைக் குறைப்பதும் தரத்தைக் குறைப்பதும் ஒன்றே என்ற வாதம் அனுபவத்தில் பொருந்தவில்லை. சிந்திக்கத் தூண்டிய பணிகள் அளவில் சிறியவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாலும் அத்திட்டம் அதே மாணவர்களையே உருவாக்கியிருக்கும்.

இந்த வாதம் பின்னாளில் வெளிப்படையாகவே எழுந்தது. இந்தியக் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் மிகுந்து வாழும் நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர் பிளேன்ஸ்பரோ பள்ளி மாவட்டம் 2015-இல் உயர்நிலைப் பள்ளியின் அரையாண்டு, இறுதித் தேர்வுகளை நீக்கி, வீட்டுப்பாடமற்ற இரவுகளையும் அறிவித்தபோது, குடியேறிய ஆசியப் பெற்றோர் பலர் அதைத் தரத்தின் வீழ்ச்சியாகக் கண்டு எதிர்த்தனர். தாம் போட்டித் தேர்வுகளின் வழியாகவே முன்னேறி வந்தவர்கள் என்பதால் அவர்களின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் சுனியா லூதர் முதலிய உளவியலாளர்கள் உயர்சாதனைப் பள்ளி மாணவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டிவந்த நிலையில், அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை, வறுமையில் வாழும் குழந்தைகளோடு அம்மாணவர்களையும் இடர்ப்பாட்டுக்குள்ளாகக்கூடிய பிரிவினராகக் குறிப்பிட்டது. போட்டியின் மேல்தட்டில் இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற பொதுவான நம்பிக்கைக்கு அது நேர்மாறான சான்று.

செய்யத்தக்கவை அரியவை அல்ல. ஒரு வகுப்பின் எல்லா ஆசிரியர்களும் ஒரே நாட்காட்டியில் தம் பணிகளைக் குறித்து, ஒரு வாரத்துக்கு ஒரு பெரிய பணியே இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். விடுமுறையை உண்மையான விடுமுறையாக விட்டுவிடலாம். குழுப்பணிகளைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே முடிக்கச் சொல்லலாம். தேர்வில் பாடத்தை அறிந்திருப்பதைக் காட்டியவருக்கு ஒப்படைக்காத பயிற்சிக் கணக்கின் சுழியம் தடையாகாமல் செய்யலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் மாணவர்களிடமே அவர்களின் மாலைநேரத்தைக் கேட்டுக் கணக்கெடுக்கலாம். மேக்னெட் திட்டத்தின் அறிமுகக் கூட்டத்துக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோர், எத்தனை பேர் ஹார்வர்டுக்கும் எம்ஐடிக்கும் சென்றனர் என்ற வினாவோடு நின்றுவிடாமல், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தனர் என்றும், இடையில் விலகியவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்றும், தம் பிள்ளை எத்தனை மணிக்கு உறங்க முடியும் என்றும் கேட்க வேண்டும். முகவரியைப் பாராமல் குழந்தைகளைச் சேர்ப்பதற்காகத் தோன்றிய ஒரு திட்டம் அவர்களின் வீட்டு வசதியைக் கொண்டு அவர்களைச் சலித்தெடுக்குமானால், அதன் பாடத்திட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது தன் முதற்கடமையில் தவறியதாகவே கொள்ளப்பட வேண்டும்.